கிரைண்டர் வந்தது, காசும் வந்தது

1. மாவு பாதியில் இருந்தபோது

மெஸ் வேலையில் நான் பார்க்காத நெருக்கடி இல்லை. கேஸ் தீர்ந்திருக்கிறது. கப்பல் வராமல் வெங்காயம் தீர்ந்திருக்கிறது. சாம்பாரில் உப்புக்குப் பதில் சர்க்கரை விழுந்து, அதை "குஜராத்தி சாம்பார்" என்று சொல்லிப் பரிமாறியிருக்கிறேன். ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற கிரைண்டரைத் தூக்கிப்போகக் கப்பல் ஜெட்டியிலிருந்து இரண்டு கூலியாட்கள் கயிறோடு வந்து நின்றது ஒரே ஒரு தடவைதான்.

சுனாமிக்குப் பிறகு கார் நிக்கோபாரில் வீடுகள் கட்டிக்கொண்டிருந்த காலம். வேலைக்கு வந்த சூப்பர்வைசர், வெல்டர், டிரைவர் எல்லாருக்கும் சேர்த்து ஒரு மெஸ். அதில் நான் மாஸ்டர், அதாவது தலைமைச் சமையல்காரன். வீடு போர்ட் பிளேரில், பத்துபஸ்தியில். மெஸ்ஸில் பாதிப் பேர் தமிழர்கள். ரவை உப்புமாவே தின்று தின்று அவர்கள் என்னை முறைக்க ஆரம்பித்தபோது, எல்லாரும் பணம் போட்டு, போர்ட் பிளேர் ஹனீபா பாய் கடையில் ஒரு டில்டிங் கிரைண்டர் வாங்கினோம். அது கப்பலில் பத்திரமாக வந்து சேர்ந்தது. முதல் ஈடு இட்லியைப் பார்த்து ஒரு வெல்டருக்குக் கண் கலங்கியது என்று சொல்வார்கள். வெல்டருக்கு எப்போதும் கண் கலங்கித்தான் இருக்கும், அது வேறு விஷயம்.

கூலியாட்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர் எங்கள் டிரைவர். லீவு முடிந்து அன்றைக்குத்தான் கப்பலில் இறங்கியிருந்தார். கையில் ஒரு கவரும் ஒரு அல்வாப் பெட்டியும்.

"மாஸ்டர், ஹனீபா பாய் குடுத்தனுப்புனாரு. கிரைண்டருக்கு நாம குடுத்த காசு முழுசா இருக்கு. மன்னிச்சுக்கச் சொன்னாரு. கிரைண்டர இதே ஜஹாஸ்ல ஏத்தி விடணுமாம்."

"எதுக்குய்யா? நல்லாத்தான ஓடுது?"

"பந்த் ஆயிருச்சுன்னு நீங்கதான போன் பண்ணீங்களாம்?"

ஜஹாஸ் என்றால் கப்பல். பந்த் என்றால் எங்கள் தீவு இந்தியில் நின்றுபோச்சு, மூடியாச்சு, வேலைக்கு ஆகாது, எல்லாம்தான். நான் அப்படிச் சொல்லவே இல்லை. கிரைண்டர் இறங்கிய அன்று ஆபீஸ் போனில் கூப்பிட்டு, பாய்தான் எடுத்தார் என்று நினைத்து, "கிரைண்டர் வந்தாச்சு" என்றேன். அந்த போன் சாட்டிலைட் வழியாகப் போகும். நாம் பேசிய வார்த்தை வானத்துக்குப் போய், அங்கே கொஞ்சம் இளைப்பாறிவிட்டு, பாதி தேய்ந்துதான் போர்ட் பிளேரில் இறங்கும். அங்கே அதை வாங்கிக்கொண்டது பாய் இல்லை, கடையில் வேலை பார்க்கும் மித்தாலி என்கிற பெங்காலிப் பெண். பெங்காலிகளுக்கு 'வ' வராது, 'ப' தான் வரும். ஆக, என் 'வந்தாச்சு' அவள் காதில் 'பந்த்' ஆகிவிட்டது.

கூலியாட்களிடம் மாவு பாதியில் இருக்கிறது, முடியட்டும் என்றேன். முடிந்ததும் கழுவ வேண்டும் என்றேன். கழுவியதும் கல் காய வேண்டும் என்றேன். அதுவரைக்கும் காலையில் மிஞ்சிய இட்லியைக் கெட்டிச் சட்னியோடு முன்னால் வைத்தேன். அவர்கள் கை கழுவுவதற்குள் கப்பல் ஹாரன் அடித்துவிட்டது.

2. ரிலீஃப்

கிரைண்டர் தப்பித்தது. காசு மிஞ்சியது. மெஸ் கமிட்டி கூடியது.

அந்த வருஷங்களில் கேட்காமல் வந்து சேரும் எதற்கும் எங்களிடம் ரிலீஃப் என்று பெயர். வேர்த்துக் கொட்டுகிற தீவுக்குக் கம்பளி ஸ்வெட்டர் வந்து இறங்கியபோதே நாங்கள் காரணம் கேட்கவில்லை. எனவே கமிட்டித் தலைவரான ஜூனியர் இன்ஜினியர், எங்கள் ஜே.இ. சார், சுலபமாக முடித்துவிட்டார்.

"மாஸ்டர், இத ரிலீஃப்னு நெனச்சுக்கோங்க. அவரா குடுத்தாரு, நாமளா கேட்டோம்? ஒரு கலர் டிவி போட்ருவோம்."

"சார், காச வச்சுக்கிட்டா அடுத்த கப்பலுக்கு மறுபடி ஆள் வரும். கிரைண்டர் போகும்."

"போனா?"

"மறுபடியும் உப்புமாதான்."

அந்த ஒரு சொல்லில் அத்தனை பேருக்கும் நேர்மை வந்துவிட்டது. அடுத்தவன் காசு நமக்கு எதற்கு என்று முதலில் சொன்னவர் ஜே.இ. சார்தான்.

ஆனால் என் கவலை வேறு. மித்தாலி பத்துபஸ்தியில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். லாங் ஐலண்ட் பெண். அங்கே அம்மாவும் இரண்டு தங்கைகளும் இவள் சம்பளத்தில்தான் அடுப்பு மூட்டினார்கள். கடையில் ஏற்கெனவே இரண்டு தப்பு செய்துவிட்டாள் என்றும், மூன்றாவது தப்புக்கு ஊருக்குக் கப்பல் ஏறிவிட வேண்டியதுதான் என்று பாய் சொல்லியிருக்கிறார் என்றும் என் மனைவி போனில் சொல்லியிருந்தாள். காசு தவறி வந்தது என்று நான் வாயைத் திறந்தால், அந்த மூன்றாவது தப்பு இதுதான்.

3. சல் ரஹா ஹை

அதனால் பாய் மதியத் தொழுகைக்குப் போகும் நேரம் பார்த்துக் கடைக்குப் போன் போட்டேன். மித்தாலியே எடுத்தாள். அவளிடமே சொல்லி, அவளே பாயிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளட்டும் என்பது என் திட்டம். இந்தத் தடவை தமிழே வேண்டாம் என்று சுத்தமான இந்தியில் சொன்னேன்: "கிரைண்டர் சல் ரஹா ஹை." கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

வார்த்தை வானத்துக்குப் போய் வந்தது.

"சல் ரஹா ஹை? அச்சா, அச்சா மாஸ்டர்ஜி. ஜெட்டிக்கு ஆள் அனுப்பறேன்."

நான் 'ஓடுது' என்றேன். அவள் 'கிளம்பி வருது' என்று எடுத்துக்கொண்டாள். இந்தி அவளுக்கும் சொந்த பாஷை இல்லை, எனக்கும் இல்லை. இருவருமாகச் சேர்ந்து அதை ஒரு வழி பண்ணிவிட்டோம். நான் அலறுவதற்குள் லைன் போய்விட்டது. அதற்குப் பிறகு போன் கிடைத்தால்தானே.

கப்பல் போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்த அன்று, பாய் தள்ளுவண்டியோடு தானே ஜெட்டிக்குப் போயிருக்கிறார். வெயிலில் நின்று கடைசிப் பயணியும் கடைசிக் கோழிக்கூண்டும் இறங்குகிற வரைக்கும் பார்த்திருக்கிறார். சாயங்காலம் போன் வந்தது.

"என்ன மாஸ்டர், காசும் போச்சு, சரக்கும் வரல. என்ன நடக்குது அங்க?"

"பாய், கிரைண்டர் ரிப்பேரே இல்ல. நல்லா ஓடுது. வேணும்னா கேளுங்க." ஒயர் நீள்கிற வரைக்கும் ரிசீவரைச் சமையலறை ஜன்னல் பக்கம் நீட்டினேன். உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"யா அல்லாஹ். இப்படிச் சத்தம் போடுற கிரைண்டரயா நான் வித்தேன்? காச நீங்களே வச்சுக்கோங்க மாஸ்டர். என் கடப் பேரு முக்கியம்."

"அது சாட்டிலைட் சத்தம் பாய்!"

 பாய் குரல் மாறியது. "கிரைண்டர் நல்லாருக்குன்னா, பந்த்னு எங்கிட்டச் சொன்னது மித்தாலிதான?"

"லைன் சரியில்ல பாய். நேர்ல வர்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். லைன் அன்றைக்குப் பார்த்துக் கண்ணாடி மாதிரி இருந்தது.

4. யார் சொன்னது?

லீவு போட்டு, கவரைச் சட்டைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு கப்பல் ஏறினேன். வழி முழுக்க ஒரே யோசனை. காசைக் கொடுப்பது ஒரு நிமிஷ வேலை. அதற்கப்புறம் அவர் கேட்கப்போகிற கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

கடையில் பாய் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். மித்தாலி மிக்ஸி அட்டைப்பெட்டிகளுக்குப் பக்கத்தில், முகம் செத்துப்போய் நின்றாள். நான் கவரை வைத்தேன். பாய் அதைத் தொடக்கூட இல்லை.

"காசு கெடக்கட்டும் மாஸ்டர். அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுங்க. அன்னைக்குப் போன்ல என்ன சொன்னீங்க? வந்தாச்சுன்னா, பந்த்னா?"

மித்தாலி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

"ரெண்டுந்தான் பாய்."

"ரெண்டா?"

"கிரைண்டர் வந்தாச்சு, போன் பந்த் பண்றேன்னு சொன்னேன். சாட்டிலைட் நடுவுல உள்ளத முழுங்கிருச்சு. புள்ள காதுல விழுந்ததத்தான சொல்லும்?"

"போன வைக்கிறேன்னு தமிழ்ல சொல்றதுக்கு என்ன?"

"கார் நிக்கோபார்ல இருந்து இருந்து தமிழ் கெட்டுப்போச்சு பாய்."

"சரி. அப்புறம் ஜஹாஸ்ல வருதுன்னு சொன்னது?"

"அதுவும் நான்தான். இந்தியும் சரியா வராது."

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். தமிழும் வராது, இந்தியும் வராது, இவன் கையால் இட்லி தின்கிறவன் கதி என்ன என்று நினைத்திருப்பார். "உங்க ஒரு வாயால என் கடையே ஆடிப்போச்சு மாஸ்டர். இனிமே நீங்க போன் பண்ணாதீங்க. ஜே.இ.ய பேசச் சொல்லுங்க" என்றார். கவரை எடுத்து உள்ளே போட்டார். பிறகு, "மித்தாலி, மாஸ்டருக்கு ஒரு சாய் சொல்லு" என்றார். அந்தக் குரலில் மூன்றாவது தப்பு இல்லை.

எனக்குக் கோபமும் இருந்தது, மறைப்பானேன். எத்தனை வருஷமாக எத்தனை பாஷைக்காரர்களுக்குச் சமைத்துப் போட்டவன் நான். அன்றைக்குக் கடையில் நின்ற இரண்டு வாடிக்கையாளர்களும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

டீயைக் கையில் கொடுக்கும்போது மித்தாலி மெதுவாகச் சொன்னாள்.

"மாஸ்டர்ஜி, போன் பந்த் பண்றேன்னு நீங்க சொல்லல. எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்மா. அடுத்த தடவ புரியலன்னா புரியலன்னு கேட்டுரு."

"எப்படிக் கேக்கறது? தமிழ் நல்லா வரும்னு சொல்லித்தானே பாய் கடையில வேலைக்குச் சேந்தேன்."

அன்று முதல் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை என் மனைவி எடுத்துக்கொண்டாள். இப்போது அந்தப் பெண் என் மனைவி மாதிரியே வெடுக்கென்று பேசுகிறாள். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

மெஸ், ஹோட்டல், கேன்டீன் என்று சாமான் வாங்குகிற வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கடைக்காரர் தவறிக் காசை வாபஸ் அனுப்பினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஆனால் அவர் காசோடு விடமாட்டார், தப்பு யாருடையது என்றும் கேட்பார். காசைப் போலவே அந்தத் தப்பையும் யாராவது ஒருவர் வாங்கிக்கொண்டுதான் ஆக வேண்டும். அந்த இடத்தில் வேலை போகாத ஆள் நீங்கள்தான் என்றால், நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.