கல்லாற்றில் விழுந்த மரம்

கதகளிக்காரருக்கு முகம் எழுத மூன்று மணி நேரம் பிடிக்கும். அந்த மூன்று மணி நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று நினைத்ததுதான் நான் செய்த புத்திசாலித்தனம்.

தொண்ணூறுகளின் கடைசியில், பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிப் போடும் ஒரு மாடிப்படிக்கு மேலே இருந்த டிராவல் ஆபீஸில் வேலை பார்த்தேன். ஆறு மாதம் தற்காலிகம். எங்கள் முதலாளி தஞ்சாவூர்க் குடும்பம். பாராட்டுவதென்றால் தமிழில் பேசுவார், கோபம் வந்தால் மலையாளத்துக்குப் போய்விடுவார். ஆறு மாதத்தில் அவர் தமிழை நான் அதிகம் கேட்டதில்லை.

அப்பா ரிட்டயராகி, வீட்டைக் காலி செய்துகொண்டு திருநெல்வேலிக்குக் கிளம்ப நாள் குறித்தாகிவிட்டது. வேலை நிரந்தரமானால் நான் இங்கேயே ஹாஸ்டலில் தங்கிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் பீரோவோடும் கட்டிலோடும் நானும் லாரி ஏற வேண்டும். இது அம்மாவின் தீர்ப்பு. எனக்கோ மழையும் பச்சையுமான இந்த ஊரை விட்டுப் போக மனசே இல்லை. அந்த நேரத்தில்தான் முதலாளி சொன்னார், வெள்ளைக்காரர்கள் பதினெட்டுப் பேரைப் பொன்முடிக்குக் கூட்டிப்போய், மதியம் மூன்று மணிக்கு மலைமேல் கதகளி காட்ட வேண்டும், அது ஒழுங்காக நடந்தால் நிரந்தர வேலைக்கு ஆர்டர் என்று.

மலைமேல் போய் முகம் எழுத இடமும் இல்லை, நேரமும் இல்லை. ஆகவே காலையில் ஊரிலேயே வேஷம் போட்டு, ஆளை அப்படியே வேனில் ஏற்றிவிடுவது என்று திட்டம் போட்டேன். முகத்தைச் சுற்றி வெள்ளை வரம்பு கட்டுவார்களே, அதற்குச் சுட்டி என்று பெயர். அதைப் போடுகிற பெரியவர், பாறசாலைப் பக்கத்துக்காரர், என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மோளே, சுட்டி போட்டாப் பின்னே தாடை அனங்கப்படாது, அசையவே கூடாது. பொன்முடி ரோட்டுல வளைவு எத்தறன்னு அறியுமா?"

"இருபத்திரண்டு."

"அறிஞ்சிட்டுத்தானா? அப்போ நான் ஒண்ணும் சொல்லல."

ஆடப்போகிற கலைஞர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவர் ஒரு பாங்கு குமாஸ்தாவைப் போல ஒல்லியாக வந்தார், பாயில் மல்லாந்து படுத்தார், பச்சை முகமும் சிவந்த கண்ணுமாக வேறொருவராக எழுந்தார். முகம் எழுதிவிட்டால் கழுவும் வரை பேசுவதில்லை என்பது அவர் வழக்கம். சாப்பிடவும் முடியாது. அவருடைய பாவாடை வேனின் பின்சீட்டு முழுவதையும் எடுத்துக்கொண்டது. செண்டை கொட்டுகிறவர் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். கிரீடத்தை என் மடியில் வைத்துக்கொண்டேன். வழியில் இளநீர் வாங்கி ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தேன், தலையை ஆட்டாமல் குடித்தார். நெடுமங்காட்டு சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டர்க்காரர் வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, பச்சை விளக்கு விழுந்தபிறகும் நகரவில்லை.

வளைவுகளுக்கே நாங்கள் போய்ச் சேரவில்லை. கல்லாறு தாண்டியதும் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

"மரம் விழுந்து கெடக்கு மேடம். ரோடு முழுக்க. ஆளுங்க வெட்டிட்டு இருக்காங்க, ஒரு மணிக்கூர் ஆகும்."

நாலு பேர் கோடாலியோடு அந்தப் பெரிய மரத்தைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் ஒரு அரசு பஸ்ஸும் ஏழெட்டு ஜீப்புகளும் வந்து நின்றன. மணி இரண்டு. வெயிலில் புழுங்கிற்று. பெரியவர் கலைஞரின் காதோரம் குனிந்து பார்த்தார்.

"சுட்டி விட ஆரம்பிச்சாச்சு. இனி கொஞ்ச நேரந்தான் நிக்கும்."

காலையிலேயே டூரிஸ்ட் பஸ்ஸில் மேலே போய்விட்ட பதினெட்டுப் பேரும் முதலாளியும் நாற்காலி போட்டுக் காத்திருப்பார்கள். போன் செய்யவும் வழியில்லை. லாரியில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே நான் உட்கார்ந்திருப்பது கண்முன்னே தெரிந்தது.

கலைஞர் பாவாடையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மரத்தைப் பார்த்தார். என் மடியிலிருந்த கிரீடத்தைக் கை காட்டிக் கேட்டார். செண்டைக்காரர் தோளில் செண்டையை மாட்டினார்.

"சார், வேண்டாம் சார். இங்கே ஆடிட்டா மேலே ஆட முகம் இருக்காதே" என்று கெஞ்சினேன். பேசாத மனிதரோடு எப்படி வாதாடுவது? சாலை நடுவில் ஆட்டத்துக்கான விளக்கு ஏறிவிட்டது. திரைச்சீலை பிடிக்க ஆள் போதவில்லை என்று ஒரு நுனியை டிரைவர் கையிலும் மறு நுனியை என் கையிலும் கொடுத்தார் பெரியவர்.

அன்றைய காட்சி, ஒரு வீரன் காட்டுக்குள் நுழைந்து மலையையும் மரத்தையும் கண்டு வியப்பது. அவர் திரும்பி அந்த விழுந்த மரத்தைப் பார்த்தார். படுத்துக்கிடந்த மரம் அவர் கண் மேலே போகப்போக எழுந்து நின்றது. பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். ரோட்டோரக் கடைக்காரர்கள் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துத்தான் கோடாலிச் சத்தம் நின்றுபோனது எனக்கு உறைத்தது. வெட்டுகிற நாலு பேரும் அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்போ தீரும் இது?" என்று கண்டக்டர் கேட்டார்.

"காடு எத்தற பெருசோ, அத்தற நேரம்" என்றார் பெரியவர்.

முக்கால் மணி நேரத்தில் காட்டில் யானை வந்தது, மலைப்பாம்பு வந்தது. பிறகு மரத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் டூரிஸ்ட் பஸ் வந்தது. மலைமேல் மூடுபனி இறங்கி, எதிரே இருப்பவர் மூக்கே தெரியவில்லையாம், எல்லாரும் திரும்பிவிட்டார்கள். முதலாளி இறங்கி, திரைச்சீலையை இன்னும் தாழ்த்திப் பிடித்தபடி நின்ற என்னைப் பார்த்தார். விட்டுவிட்டு ஓடலாம் என்றுதான் தோன்றியது, ஆனால் விளக்குக்கு முன்னால் சீலையைக் கீழே போட எனக்குத் துணிச்சலில்லை.

அரசு பஸ் பக்கம் பார்த்து ஆடிக்கொண்டிருந்ததால், பதினெட்டுப் பேருக்கும் கலைஞரின் முதுகு மட்டுமே தெரிந்தது. அவர் அதைக் கண்டார். மெல்ல அவர்கள் பக்கம் திரும்பினார். பிறகு காட்டுக்குள் நுழைவதிலிருந்து மறுபடியும் தொடங்கினார். கண்டக்டர் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். ஒரு வண்டிகூட ஹார்ன் அடிக்கவில்லை. கடைசியில் சுட்டியின் இடது பாதி பிய்ந்து தோளில் விழுந்தபோது, ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டிருந்த வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். விழுந்த மரத்தோடு நடுரோட்டில் நடத்துவது யாருடைய யோசனை என்று அவர்களில் ஒரு அம்மாள் கேட்டாள். என் யோசனைதான் என்றார் முதலாளி, கொஞ்சமும் கூசாமல். எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் என்னிடம் திரும்பி, "பிரமாதம்மா" என்று தமிழில் சொன்னாரே, அப்போது அழுகையே வந்துவிட்டது.

திங்கட்கிழமை ஆர்டர் கிடைத்தது. லாரி நான் இல்லாமல் போயிற்று. ஆர்டரோடு புது டூர் நோட்டீஸும் கொடுத்தார்: சனிக்கிழமைதோறும் கல்லாறு, சாலையோரக் கதகளி, விழுந்த மரத்துடன். மரத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டியது நான்.

வாராவாரம் மரம் விழுமா? நாலு வருஷம் மரக்கடையில் ஒரு கட்டையை வாடகைக்கு எடுத்து, வேன் கூரையில் கட்டிக்கொண்டு போனேன். கலைஞர் என் முழங்கால் உயரம்கூட இல்லாத அந்தக் கட்டையின் முன் நின்று, அடியிலிருந்து நுனிவரை, வானம் முட்டும் வரை அண்ணாந்து பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் எனக்குப் புல்லரிக்கும், வெட்கமாகவும் இருக்கும். கட்டையே தேவையில்லை என்று அவர் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. வேஷத்தில் அவர் பேசமாட்டார்.