குறை எழுத வந்த செல்வராணி

போன மாதம் ஒரு பெண்மணி என்னை விரட்டினார். நான் செய்த குற்றம்? சாரலில் நின்றது!

என் கல்லூரித் தோழன் சுப்புராஜ், கோவில்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் மேனேஜர். அவனைப் பார்க்கப் போயிருந்தேன். நல்ல உச்சி வெயில். ஆலைக்குப் பின்னால் கூலிங் டவர் — மெஷின்களைச் சுற்றிச் சூடாகி வரும் தண்ணீரை மேலிருந்து கொட்டி, ஃபேன் காற்றில் ஆறவைக்கும் பெரிய கூண்டு. அதிலிருந்து பூப்போலச் சாரல். கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டினேன். குற்றாலம் தோற்றது, போங்கள்!

"அங்கன நிக்காதீங்க அண்ணாச்சி! இங்கிட்டு வாங்க... வெரசா!"

திரும்பினால், மாஸ்க் போட்ட ஒரு பெண்மணி. கையில் டார்ச். பெயர் செல்வராணி, நாகலாபுரத்துக்காரர். கூலிங் டவர்களை ஒழுங்காகப் பராமரிக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லும் ஆடிட்டர். ஆலையின் ஆள் இல்லை. டவர் தண்ணீருக்கு மருந்து விற்கிற கம்பெனியின் ஆளும் இல்லை. வெளியாள். நூல் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கேட்டதால் வரவழைத்திருந்தார்கள்.

"ஜில்லுன்னு நல்லாத்தானே இருக்கு?" என்றேன் அப்பாவியாக.

"இருக்கும். பராமரிக்காத தண்ணியில லெஜியோனெல்லான்னு ஒரு கிருமி வளரும் அண்ணாச்சி. இந்தச் சாரலை மூச்சுல இழுத்தா நேரா நுரையீரலுக்குப் போயிரும். நிமோனியா!"

உடனே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவ்வளவு நேரம் இழுத்த பிறகு பொத்தி என்ன பயன்?

செல்வராணி ஏணியில் ஏறினார். டார்ச் அடித்துக் காட்டினார். தொட்டிச் சுவரெல்லாம் வழுவழுவென்று பாசி. சாரலை வெளியே விடாமல் தடுக்க வேண்டிய பிளாஸ்டிக் தட்டுகள் உடைந்து தொங்கின.

"பழைய தண்ணியைக் கொஞ்சங்கொஞ்சமாத் திறந்துவிட்டுப் புதுசு விடணும் சார். விடலையே?"

சுப்புராஜ் தலையைச் சொறிந்தான். "இந்தக் கரிசக்காட்டுல, கோடையில, தண்ணிக்கு எங்க மேடம் போவேன்? லாரித் தண்ணியைத் திறந்துவிட மனசு வரல." பிறகு குரலைத் தாழ்த்தினான். "சனிக்கிழமை ஏற்றுமதி லோடு போகணும். அது போன பொறவு ரிப்போர்ட் எழுதக் கூடாதா?"

"டவரை நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல சார். ஆனா பாத்ததைத்தான் எழுதுவேன். தேதியும் இன்னைக்குத் தேதிதான்."

கோபமே இல்லாத குரல். அதுதான் சுப்புராஜை இன்னும் கலக்கியது என்று நினைக்கிறேன்.

"இந்த டவரை யாரு பாத்துக்கிடுதாவ?" என்று கேட்டார் அடுத்து.

"கந்தசாமின்னு ஒரு ஆபரேட்டர். காய்ச்சல்னு லீவுல இருக்காரு."

செல்வராணி டார்ச்சை அணைத்தார்.

"மூச்சு வாங்குதான்னு கேளுங்க சார். இப்பவே போன் போடுங்க."

பசுவந்தனையிலிருந்து கந்தசாமியின் மனைவி பேசினார். "நேத்துலருந்து ரொம்ப வாங்குது சார். ஊசி போட்டும் கேக்கல. சம்பந்தமில்லாம என்னென்னமோ உளறுதாவ... எனக்குப் பயமா இருக்கு."

சுப்புராஜ் கார் சாவியை எடுத்தான். நானும் ஏறிக்கொண்டேன். செல்வராணியும் கதவைத் திறந்தார்.

"இது ஆடிட் வேலை இல்லையே மேடம்?" என்றேன்.

"இல்லதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பசுவந்தனை வீட்டில் கந்தசாமிக்குத் தன் மேனேஜரையே அடையாளம் தெரியவில்லை. கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்க்கும்வரை காரில் அவர் மூச்சுச் சத்தம் மட்டும்தான்.

டாக்டரிடம் செல்வராணி சொன்னது ஒரே ஒரு விஷயம் — "இவிய கூலிங் டவர்ல வேலை பாக்குதாவ டாக்டர். அந்த டவர் சரியில்ல. நான் பாத்துட்டுத்தான் வாரேன்."

டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார். வழக்கமான நிமோனியா மருந்துகள் பல இந்தக் கிருமியிடம் பலிக்காதாம். மருந்தை மாற்றினார். டெஸ்ட்டுக்கும் அனுப்பினார். கேட்ட மாத்திரத்தில் காது கொடுத்தாரே, அவருக்கும் ஒரு கும்பிடு!

வராந்தாவில் சுப்புராஜ் சுவரில் சாய்ந்து நின்றான். பிறகு போனை எடுத்தான்.

"ஏலே, டவரை நிறுத்து... ஆமா, மெஷினும் நிக்கும். நிக்கட்டும். முதலாளிட்ட நான் பேசிக்கிடுதேன்."

டெஸ்ட் முடிவு வந்தது. அதே கிருமிதான். டவர் தண்ணீரிலும் இருந்தது. ஆலையில் மற்ற எல்லோரையும், சாரலில் நின்ற என்னையும் பரிசோதித்தார்கள். நல்லவேளை, வேறு யாருக்கும் இல்லை. லோடு தாமதமாகத்தான் போனது. கந்தசாமி மெல்ல மெல்லத் தேறி வீட்டுக்குப் போனார்.

நாம் யாரைக் கொண்டாடுகிறோம்? 'எல்லாம் ஓகே சார்' என்று சிரிப்பவரை. குறை சொல்ல வருகிறவருக்கு ஒரு காபி கொடுக்கவே கை வராது. ஆனால் அன்றைக்கு ஓர் உயிர் பிழைத்தது, மழுப்பத் தெரியாத ஒருவரால் அல்லவா?

போன வாரம் மறு ஆடிட். தகவல் தெரிந்து நானும் போனேன். டவர் பளபளவென்று இருந்தது. கந்தசாமி வேலைக்குத் திரும்பியிருந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார். அவர் மனைவி கடம்பூர் போளிப் பொட்டலத்தோடு காத்திருந்தார்.

"ஆடிட் முடியாம நான் எதுவும் வாங்கக் கூடாதும்மா" என்றார் செல்வராணி. அந்த அம்மாளின் முகம் வாடியதைப் பார்த்து, மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்: "முடிஞ்சாலும் கூடாது."

கையை மட்டும் ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஏணியில் ஏறினார்.

அரை மணி கழித்து கந்தசாமி என்னிடம் ஓடி வந்தார்.

"மருந்து டிரம்மை மூடாம வச்சிருந்தேன்... எனக்கே குறை எழுதிட்டாவ அண்ணாச்சி!"

முகத்தில் அப்படியொரு பெருமை. மெடல் வாங்கியவர்கூட அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

போளி என்ன ஆயிற்று என்கிறீர்களா? நான் ஆடிட்டர் இல்லையே!