மலைமேல் நின்ற கப்பலின் கதவு

கடலைக் கண்ணால்கூடக் கண்டிராத லியனார்ட், நான்கு மாதமாகக் கப்பலில் குடியிருந்தான்.

கப்பல் நின்றது திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றில், தேயிலை ஸ்டோருக்குப் பின்னால், மரக்கட்டைகளின் மேல். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரப் பெரிய துரை வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்ப முடிவெடுத்தார். மற்றத் துரைமாரைப்போல் டிக்கட் எடுத்தாரா? இல்லை. தன் கையாலேயே ஒரு பாய்மரப் படகு கட்டினார். கட்டி முடித்ததும் மழைக்காலம் பிடித்துக்கொண்டது. மண்பாதை காயாமல் லொறி வராது. லொறி வராமல் படகு கொழும்புக்கு இறங்காது. அதுவரை பித்தளைச் சாமான்கள் களவு போகாமலிருக்கக் காவல் வேண்டும். "பொண்டாட்டியோட போய் உள்ளுக்கே இரு" என்று துரை லியனார்ட்டுக்கு உத்தரவு போட்டார்.

அது சொர்க்கத்துக்கு மாற்றல் கிடைத்த மாதிரி. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அவனுக்கும் அண்ணன் கஸ்பருக்கும் சேர்த்து ஒரே அறை. முன்பாதி அண்ணனுக்கு, உள்பாதி தம்பிக்கு, நடுவில் சாக்குப் படுதா. அந்தப் பக்கம் கஸ்பர் இருமினால் இந்தப் பக்கம் லியனார்ட்டின் பெண்சாதி ஜோசப்பின் விழித்துக்கொள்வாள். புருஷனும் பெண்சாதியும் குசுகுசுத்ததை மறுநாள் கொழுந்து பறிக்கிற மலையில் தெரேசா அண்ணி வரி பிசகாமல் ஒப்பிப்பாள்.

படகிலோ ஒரு கதவு இருந்தது. குட்டைக் கதவுதான், குனிந்துதான் நுழைய வேண்டும். ஆனால் தேக்கு, பித்தளைத் தாழ்ப்பாள். முதல் நாள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

படகுக்கு ஒரு நாடு இருந்தது; கொடிகூடக் கட்டியிருந்தது. உள்ளே படுத்திருந்தவன் எந்த நாட்டான் என்பதை கடலுக்கு அக்கரையும் இக்கரையுமாக இரண்டு அரசாங்கங்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தன. மழை அதையெல்லாம் விசாரிக்காமல் பெய்தது.

"ஏய் நோவா! மிருகமெல்லாம் ஏத்தியாச்சா?" என்று காலையில் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகிறவர்கள் கத்துவார்கள்.

"கழுதை ஒண்ணுதான் பாக்கி மச்சான். ஏறிக்கிறீங்களா?" என்பான் லியனார்ட்.

வேதத்தில், பிரளயத்தில் பேழைக்குள் இருந்த அந்த நோவா மழை எப்போது விடுமென்று காத்திருந்தார். இந்த நோவா விட்டுவிடக் கூடாதென்று அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி வைத்தான்.

தினமும் காலையில் துரை வந்து கேட்பார். "என்னா லியனார்ட், மழை விடுமா?"

"விடாதுங்க தொரை. மேகம் கறுத்துக் கெடக்கு."

ஒருநாள் மேகம் வெளுத்தது. அப்புறமும் லியனார்ட்டின் வானம் மட்டும் கறுத்தே கிடந்தது.

"கப்பல்ல இருந்துகிட்டுப் பொய் சொல்லாதீங்க, முழுகிப்போகும்" என்றாள் ஜோசப்பின்.

"மலையில எங்கடி முழுகுறது?"

"அதுவும் சரிதான். ஆனா தொரைக்கும் ரெண்டு கண்ணு இருக்கில்ல?"

மறுநாள் லியனார்ட் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான். "பாதை காஞ்சிருச்சுங்க தொரை."

"நேத்தே காஞ்சது, மேன்" என்றார் துரை. ஆனால் திட்டவில்லை.

லொறி வந்தது. படகை ஏற்றுவதைப் பார்க்கத் தோட்டமே திரண்டது. போகிற துரை பழைய கம்பளிக் கோட்டு கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். துரை கோட்டைக் கழற்றிக்கொண்டே, "வேற என்னா வேணும், கேளு" என்றார்.

"கோட்டு வேணாங்க. அந்தக் கதவக் குடுங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. துரையும் சிரித்தார்.

"கதவு இல்லாட்டி கடல் உள்ளுக்கு வந்திரும், மேன்!"

"ஒங்களுக்குக் கடல்தானுங்க வரும். எங்களுக்கு அண்ணி வர்றாங்க."

தெரேசா அண்ணி கூட்டத்தில்தான் நின்றாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்காமலிருக்க மிகவும் பாடுபட்டார்கள்.

துரை கொஞ்ச நேரம் கதவைப் பார்த்தார், லயத்தைப் பார்த்தார். பிறகு லொறிமேல் ஏறித் தானே கதவைக் கழற்றினார். வேறு கதவு போடக் கொழும்பில் தச்சன் இல்லையா என்ன!

லியனார்ட் தேயிலைப் பெட்டிப் பலகைகளால் லயத்து அறைக்கு நடுவே ஒரு சுவர் அடித்தான். அதில் கதவை மாட்டினான். கஸ்பரின் இருமல், கூரைக்கு எட்டாத சுவருக்கு மேலே ஏறி வந்துகொண்டுதான் இருந்தது. இருமலுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.

மறுநாள் காலையில் அண்ணி தீப்பெட்டி கேட்டு வந்தாள். வழக்கம்போல் நேரே நுழையப் பார்த்தாள், முடியவில்லை. சற்று நின்றாள். பிறகு விரலை மடக்கித் தட்டினாள்.

உள்ளேயிருந்து ஜோசப்பின், பிறந்ததிலிருந்து கேட்டிராத ஒரு கேள்வியைச் சாவகாசமாகக் கேட்டாள்.

"யாரது?"