ஆறடியின் மூன்று கையெழுத்து

குடோன் கேட்டில் பதினோரு வருஷமாக நிற்கும் காவலாளிக்கு ஆறடி என்று பெயர். உயரத்தைப் பார்த்து வைத்தது. சம்பளத்தோடு வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் மெடிக்கல் லீவு உண்டு என்று வேலையில் சேர்ந்தபோது கொடுத்த காகிதத்தில் இருக்கிறது. மனுஷன் அதில் ஒரு நாளைக்கூடத் தொட்டதில்லை.

இந்தத் தடவை கண் மஞ்சளாகிப் போனது. திங்கள் முதல் படுக்கைதான். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "பன்னெண்டு நாள் அசையக் கூடாது. வேலைக்குப் போனா ஆளே மிஞ்ச மாட்ட" என்று சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை, பெண்டாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு கம்பெனி ஆபீஸ் படியேறினார். லீவு பார்க்கும் அம்மாள் வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள்.

"திங்கள், செவ்வாய், புதன், மூணு நாளும் கையெழுத்து இருக்கே. படுத்துக்கிட்டே கேட்டுல நின்னீங்களா?"

கேட்டில் கூட நிற்கும் குள்ளன் வேலை என்று ஆறடிக்குப் புரிந்துவிட்டது. ஷிப்டுக்கு இரண்டு பேர். ஒருவன் வரத் தாமதமானால் மற்றவன் சேர்த்துக் கையெழுத்துப் போடுவது கேட்டில் வழக்கம். வெளியே வந்து குள்ளனுக்குப் போன் போட்டார்.

"என்னடா பண்ணித் தொலைச்ச?"

"ஆப்சென்ட் விழுமேன்னு போட்டேன் மாமா. நீ லீவு கேப்பேன்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்? நான்தான்னு சொல்லிடு மாமா."

"சொன்னா இன்னிக்கே உன் சீட்டு கிழியும். உன் உயரத்துக்கு வேற எவன்டா கேட்டுல நிறுத்துவான்? பிள்ளைங்க மூணு இருக்கு. வாயை மூடு."

பெண்டாட்டி கையைப் பிடித்தாள். "அவன் போனா வேற வேலை தேடிப்பான். நீங்க போனா நான் எங்கங்க தேடுறது?"

ஆறடி கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனார்.

"என் கையெழுத்துதாம்மா."

"அப்ப சர்டிபிகேட் பொய்."

"என் கண்ணப் பாருங்கம்மா."

"கண்ணு தெரியுது. மேல போறது காகிதம்தானே. நாளைக்கு டூட்டிக்கு வரலைன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க."

வெள்ளிக்கிழமை காலை பெண்டாட்டி அவருக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். குள்ளன் கேட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு வைத்தான். காவலாளி உட்காரக் கூடாது என்று சூப்பர்வைசர் எடுத்துப் போய்விட்டார்.

நாலாம் நாள் மத்தியானம், லாரி நம்பரைக் குறித்துக்கொண்டே ஆறடி மடங்கி விழுந்தார். குள்ளனால் தூக்க முடியவில்லை. லாரி டிரைவர் இறங்கி வந்து கால் பக்கம் பிடித்தார். அதே லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாதி வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது.

மாமாவின் வீட்டு நம்பரைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு, அழுத்தத் தைரியம் வராமல் உட்கார்ந்திருந்தான் குள்ளன்.