அசிட்டோன் பஞ்சு

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த பியூட்டி பார்லரில் நான் வேலை பார்த்தேன். மிஸ்டு கால் கொடுத்தே எல்லாரும் பேசிக்கொண்ட காலம். பெங்களூருக்கு வேலைக்குப் போகிற பெண்கள் ஒட்டு நகம் வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். அதை எடுக்க எங்களிடம் வருவார்கள். அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தின் மேல் சுற்றிவைத்தால் கொஞ்ச நேரத்தில் ஒட்டு நகம் கூழாகிவிடும். பஞ்சு மேசைக்கடியில் இருந்த பிளாஸ்டிக் கூடைக்குப் போகும், கிண்ணத்தில் மிஞ்சியது வாஷ்பேசினுக்கு. அந்த வாடையும் தலைவலியும் எங்களுக்குப் பழகிப்போயிருந்தன.

கடைக்கார அக்கா விருதுநகர்ப் பக்கம். என்னோடு வேலை பார்த்தவள் ஓசூருக்குப் பக்கத்துப் பேரிகை ஊர்க்காரி. வீட்டில் தெலுங்கு பேசுவாள், கடையில் தமிழ். நகத்தில் பூ வரைய அவளைத்தான் கேட்டு வருவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா சாமி படத்துக்குச் சூடம் ஏற்றினார். தீக்குச்சியை உதறிவிட்டு, அணைந்துவிட்டதென்று நினைத்துக் கூடையில் போட்டார். குப்பென்று தீ மேசை உயரத்துக்கு எழுந்தது. பக்கத்திலேயே ஜன்னல் திரை. நாற்காலியில் ஒரு கல்யாணப் பெண் பத்து விரலிலும் பஞ்சோடு உட்கார்ந்திருந்தாள். பேரிகைக்காரி கூடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். படிக்கட்டை எட்டுவதற்குள் பிளாஸ்டிக் உருகி அவள் கையில் வழிந்துவிட்டது. "நீள்ளு, நீள்ளு" என்று தண்ணீர் கேட்டாள். கடையில் அவள் தெலுங்கு பேசி நான் கேட்டது அப்போதுதான். நான் பக்கெட்டோடு ஓடினேன்.

கடை தப்பியது. கல்யாணப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேரிகைக்காரிக்கு உயிருக்கு ஆபத்தில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆனால் புண் ஆறும்போது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

என் அண்ணன் ஒரு கம்பெனியில் பெயின்ட் அடிக்கும் பிரிவில் இருந்தான். கடைக்கு வந்து அசிட்டோன் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தான்.

"இது எங்க தின்னர் மாதிரிதாங்க்கா. அங்க துடைச்ச துணியக்கூட மூடி போட்ட இரும்பு டிரம்லதான் போடணும். சாக்கடையில ஊத்தினா வேலை போயிடும். மாசாமாசம் லாரி வந்து எடுத்துட்டுப் போகும்."

"அந்த லாரி நம்ம கடைக்கு வருமாப்பா?" என்று அக்கா கேட்டார்.

அண்ணன் கம்பெனியில் விசாரித்தான். வெளிக்கழிவு கேட்டுக்குள் வரக்கூடாது என்றுவிட்டார்கள். நகராட்சியிலோ, பஞ்சுதானே, குப்பை வண்டியில் போடுங்கள் என்றார்கள்.

அதன்பிறகு பஞ்சை மூடி போட்ட தகர டின்னில் போட்டோம், மிஞ்சிய அசிட்டோனை நீலக் கேனில் ஊற்றி இறுக்கி மூடினோம். டின் நிறைந்தால் இன்னொரு டின். எல்லாம் பின்பக்க அறையில் சேர்ந்துகொண்டே போனது. எடுத்துப்போக யாருமில்லை. அக்கா கடைக்குள் தீப்பெட்டியே வைப்பதில்லை.

பேரிகைக்காரி ஒருமுறை அவள் அம்மாவோடு வந்தாள். கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள். தகர டின்னையே பார்த்தாள்.

"மூடி போட்டாச்சாக்கா?"

"போட்டாச்சும்மா" என்றார் அக்கா. அவள் டீகூடக் குடிக்காமல் போனாள். பிறகு வரவேயில்லை.

அடுத்த வருஷம் அக்கா கடையை மூடிவிட்டு ஊருக்குப் போனார். பின்பக்க அறையில் இருப்பதை எடுத்துச்சொல்லி, ஜாக்கிரதை என்று கட்டட ஓனரிடம் சாவியைக் கொடுத்தோம். சில வாரம் கழித்து அந்தப் பக்கம் போனேன். மாடியில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. கூலியாட்கள் குடிக்க, எங்கள் நீலக் கேன்களில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள்.

"அதுல இருந்தத என்னங்க பண்ணீங்க?" என்று ஓனரிடம் கேட்டேன்.

"பின்னாடி காவாயில கொட்டியாச்சு."

"அந்தக் கேன்ல தண்ணி வேணாங்க."

"நல்லா கழுவிட்டம்மா" என்றார் அவர்.

ஒரு பெண் சித்தாள் கேனைச் சாய்த்துச் சொம்பில் தண்ணீர் பிடித்தாள். அவளிடமும் சொன்னேன். அவளுக்குத் தமிழ் தெரியவில்லை. கன்னடத்தில் சொல்லிப் பார்த்தேன், அதுவும் புரியவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அண்ணாந்து குடித்தாள்.