கொம்பு இடம் மாறிய பெயர்

பூங்கோதை நிக்கோபாரில் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட அவள் பெற்றோரை எழுபதுகளில் கப்பல் அங்கேதான் இறக்கிவிட்டது. வளர்ந்தபின் போர்ட் பிளேருக்கு வந்து, அபர்டீன் பஜாரில் ஆங்கில மனுக்கள் அடித்துக் கொடுக்கும் கடை போட்டாள். கடையில் ஒரே கம்ப்யூட்டர், அதில் லினக்ஸ்.

சுனாமியில் கட்சால் பாதி போயிற்று. தப்பியவர்களைக் கப்பல்கள் முகாம்களுக்குக் கொண்டுவந்தன. அவளைத் தூக்கி வளர்த்த சின்னம்மா ஜெயமணி எந்த முகாமிலும் இல்லை. அவளைத் தேடித் தமிழில் அறிவிப்பு அடித்து ஒட்ட பூங்கோதை உட்கார்ந்தாள். திரையில் 'ஜெ'யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. சின்னம்மா பெயரைப் படிக்கவே முடியவில்லை.

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் சொக்கலிங்கம் வந்து பார்த்தான்.

"புது பேக்கேஜ் போட்டா சரியாயிடும்க்கா. ஒரே கமாண்ட், அதுவே இறக்கி அதுவே போட்டுக்கும். ஆனா நெட் வரணுமே. இப்போதைக்கு இந்தியில ஒட்டிடுங்க, போதும்."

"எங்க தோட்டத்து சனத்துக்கு இந்தி பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. அரிசி மெயின்லேண்டுல இருந்து வருது, சரி. எங்க எழுத்தும் அங்கருந்துதான் வரணுமா தம்பி?"

பத்திரிகையோடு வந்த பழைய சிடி ஒன்றில் தமிழைச் சரியாகக் காட்டும் நிரல் இருந்தது. ஆனால் தயாராக அல்ல, மூல நிரலாக. அவளே கம்பைல் செய்து கட்டிக்கொள்ள வேண்டும்.

"வேணாம்க்கா. ஒண்ணு போட்டா இன்னொண்ணு கேக்கும். உள்ளதும் கெட்டுடும்."

அவன் சொன்னபடியே ஆயிற்று. ஒன்று இல்லையென்று நின்றது. அதை அந்த சிடியிலேயே தேடிக் கட்டினாள். வேறொன்று கேட்டது. திடீரென்று திரையில் எல்லா எழுத்தும் கட்டம் கட்டமாக மாறியது. சொக்கலிங்கம் தலையில் அடித்துக்கொண்டு கிளம்பினான். அவள் இந்தியில் வாய்க்கு வந்தபடி திட்டினாள். பிறகு நிரலோடு வந்த குறிப்பை விரல் வைத்து வரிவரியாகப் படித்து, தனி ஃபோல்டரில் முதலிலிருந்து தொடங்கினாள். ஜெனரேட்டர் அணைவதற்குள் கொம்பு முன்னால் வந்து நின்றது: ஜெயமணி.

முகாமில் பொறுப்பிலிருந்த ஒருவர், "ஹிந்தி மே லகாவ்," என்று இந்தியில் ஒட்டச் சொல்லித் தடுத்தார். அவர் எதிரிலேயே தமிழ் அறிவிப்பை ஒட்டினாள்.

மறுநாள் அதைப் படித்துவிட்டுத் தோட்டத்து அம்மா ஒருத்தி ஓடிவந்தாள். "ஜெயமணிய கப்பல்ல பாத்தேன் புள்ள! கால் ஒடைஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்கு."

நெட் வந்ததும் சொக்கலிங்கம் வந்தான். "இப்ப பேக்கேஜே போட்டுடலாம்க்கா. இல்லாட்டி ஒவ்வொரு அப்டேட்டுக்கும் நீங்கதான் மறுபடி கட்டணும்."

"மத்ததெல்லாம் பேக்கேஜ்ல போட்டுக்க. இதுல கைய வைக்காத," என்றாள் பூங்கோதை. "கட்டிக்கிறேன்."