ஜூலை மணல்

ஜுமகாசி பனிமலைகளைப் படம் பிடித்தே பெயர் வாங்கியவர். நாரின் என்ற மலைநகரில் தபால் நிலையம், வங்கி, பல் மருத்துவர் அறை என்று எங்கே நுழைந்தாலும் அவர் எடுத்த வெண்மலை ஒன்று சுவரில் தொங்கும். ஆனால் அவருக்குக் குளிர் என்றாலே ஆகாது. இது மகள் கென்ஜெகுலுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே தெரியும்.

குளிரில் கேமரா பேட்டரி செத்துவிடும். அதை அக்குளில் இடுக்கிக்கொண்டே மலையேறுவார். நாற்பது குளிர்காலங்கள். இடது காலில் இரண்டு விரல்கள் அதில் போயின. கோடையிலாவது வெயில் காயலாம் என்றால், மேய்ப்பவர்கள் மந்தையோடு மேட்டுப் புல்வெளிக்கு ஏறுவது அப்போதுதான். நாட்காட்டி அச்சடிப்பவர்களுக்கு அந்தப் படங்கள் வேண்டும். ஜூலையில் ஊரே இசிக்குல் ஏரிக்கரைக்குப் போய் மணலில் கிடந்து கறுத்துத் திரும்பும். கென்ஜெகுலும் அவள் அம்மாவும் வருஷம் தவறாமல் போனார்கள். அவர் ஒரு ஜூலையும் போனதில்லை. அந்த ஏரியை அவர் பார்த்ததெல்லாம் ஜனவரியில், கேமரா முக்காலியைப் பனியில் ஊன்றி.

"ஊருக்கெல்லாம் பனிய மாட்டிவிட்டுட்டு இவரு மட்டும் வெயிலுக்கு ஏங்குறாரு பாரு!" என்பாள் எதிர்வீட்டு பாத்மா.

"இந்தத் தடவை நானும் வரேன் பாத்மா. நீ மட்டும் தண்ணில இறங்கிடாத, ஏரி கரை தாண்டிரும்."

பாத்மா பருமனானவள். கோபிக்க மாட்டாள்.

கென்ஜெகுலின் அம்மா இறந்து ஒன்பது வருஷமாகிறது. இந்த நவம்பரில் ஜுமகாசிக்கு இருமல் நிற்கவில்லை. மகள் தலைநகருக்குக் கூட்டிப்போனாள். மருத்துவர் கென்ஜெகுலை மட்டும் தாழ்வாரத்துக்கு அழைத்தார். இடது நுரையீரல் முழுதும் புற்று, வலதில் பாதி. மார்ச்சைத் தாண்டுவது கடினம் என்றார். இங்கே நோயாளியிடம் அதைச் சொல்வதில்லை. வீட்டாரிடம் சொல்வார்கள், வீட்டார் மறைப்பார்கள். அவளும் மறைத்தாள்.

"சளி கட்டியிருக்குப்பா. கோடையில சரியாயிரும்."

"அப்ப ஜூலைல ஏரிக்குப் போறோம்" என்றார் அவர், சட்டையில் பொத்தான் போட்டுக்கொண்டே.

கென்ஜெகுல் நகரத்துக் கொதிகலன் நிலையத்தில் பொறியாளர். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை ஊரின் சூடு அவள் பொறுப்பு. நிலையத்திலிருந்து எண்பத்தைந்து டிகிரியில் கிளம்பும் நீர் அவர்கள் வீட்டு நாலாவது மாடிக்கு வரும்போது ஐம்பத்தெட்டு. அறையில் பத்தொன்பது. சுவர் வெப்பமூட்டியில் நாலு பகுதிகள் கூடுதலாகப் பொருத்தி இருபத்திரண்டாக்கினாள். அவர் கம்பளிக் கோட்டைக் கழற்றவில்லை.

ஏரியின் தென்கரையில் விடுதி நடத்துபவரை ஜுமகாசி தொலைபேசியில் பிடித்து, கதவைத் திறந்தால் மணலில் கால் வைக்கிற மாதிரி ஓர் அறை கேட்டார். எடுத்து வைத்தாயிற்று என்று பதில் வந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"மணல் காலுக்கு எப்படி இருக்கும் கண்ணு?"

"சுடும்ப்பா. பதினோரு மணிக்கு மேல செருப்பு இல்லாம நடக்க முடியாது."

"எனக்கு எட்டு விரல்தான? கொஞ்சம் கம்மியாத்தான் சுடும்."

தென்கரையில், மணலை ஒட்டியே, வெந்நீர் ஊற்று ஒன்று உண்டு. வெளியே உறைபனி இருந்தாலும் நீர் நாற்பது டிகிரி. டிசம்பரில் அவள் மெல்லப் பேச்சை எடுத்தாள்.

"இப்பவே ஒரு நடை போயிட்டு வரலாமாப்பா? ஊத்துல உக்காந்துட்டு வரலாம்."

"பனியிலயா? பனியப் பாத்தது போதும்மா. எனக்கு ஜூலை வேணும்."

"ஜூலையிலயும் போலாம். இப்பவும் போலாமே."

"உனக்கு என்ன அவசரம்?"

அவளிடம் பதில் இருந்தது. வாய்வரை வந்தது. வால்வு சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

ஜனவரிக் கடைசியில் ஜும்கால் ஊரிலிருந்து சட்டார் பெரியப்பா வந்தார். ஜுமகாசியின் ஒன்றுவிட்ட அண்ணன், எண்பது வயது. நோய் விவரம் அவருக்குத் தெரியும், அதை மறைக்க வேண்டும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. தேநீர் குடித்தார், இறைச்சி சாப்பிட்டார், வாயைத் துடைத்துக்கொண்டு தம்பியின் கையைப் பிடித்தார்.

"ஜுமகாசி, சின்ன வயசுல உன் குதிரைய உன்னக் கேக்காம ஓட்டிட்டுப் போய்க் கால ஒடச்சிட்டேன். அத மன்னிச்சிரு. எனக்கு உம்மேல ஒரு குறையும் இல்ல. உனக்கும் எம்மேல குறை வேணாம்."

சாகப் போகிறவர்களிடம் மட்டுமே சொல்லப்படுகிற வார்த்தைகள். கென்ஜெகுல் கெட்டிலைக் கீழே வைத்தாள். ஜுமகாசி அண்ணனைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"ஒரு குறையும் இல்லண்ணே" என்றார். "அது ஏற்கெனவே நொண்டிதான்."

பெரியப்பா கிளம்பிப் போனதும் மகளை எதிரே உட்காரச் சொன்னார்.

"நீ இன்ஜினியர். ஒரு எண் சொல்லு."

"மார்ச்."

"மார்ச் முதலா, கடைசியா?"

அவள் பெரியப்பா குடித்த கோப்பையை எடுத்து ஓரமாக நகர்த்தினாள்.

"டிசம்பர்ல கூப்பிட்டியே, இதுக்குத்தானா?"

"ஆமாப்பா."

"அப்ப நான் படி இறங்கி நடந்துட்டிருந்தேனே கண்ணு."

அதற்கு மேல் அவர் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். "சரி, வெந்நீராவது பாத்துட்டு வருவோம். காலைல வண்டிய எடு" என்றார்.

மறுநாள் காலை மைனஸ் இருபத்தேழு. இரண்டு தலையணை வைத்து அவரை முன்னிருக்கையில் சாய்த்து உட்கார வைத்தாள். ஏரிக்குப் போகும் வழியிலுள்ள தொலோன் கணவாய்க்கு இந்தப் பக்கமே தடுப்புக்கட்டை இறங்கியிருந்தது. மேலே பனிச்சரிவு. சாலைப் பணியாளர் மெதெர் ஓடி வந்து ஜன்னலில் குனிந்தார்.

"அட, பனிப்படக்கார ஐயாவா! எங்க ஆபீஸ்ல உங்க படம்தான் மாட்டியிருக்கு."

"எந்த மலை?"

"இதேதான் ஐயா, தொலோன்."

ஜுமகாசிக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் பிடித்தது. "அத இறக்கி வெச்சிருப்பா" என்றார்.

"எப்பத் திறப்பீங்க அண்ணே?" என்று கேட்டாள் கென்ஜெகுல்.

"காத்து நின்னா மூணு நாள் தங்கச்சி. இல்லன்னா நாலு. நம்பரக் குடுங்க, திறந்ததும் நானே கூப்பிடுறேன்."

ஒருவேளை ஓரமாக ஒரு வண்டி மட்டும் போக முடியுமா என்று கேட்டாள். முடியாது என்று அவளுக்கே தெரியும். சரிவின் கோணம், மேலே நிற்கும் பனியின் கனம், எல்லாம் கண்ணெதிரே இருந்தன. மெதெர் முடியாது என்று தலையசைத்தார்.

"விடு கண்ணு" என்றார் அப்பா. ஆனால் உடனே வண்டியைத் திருப்பச் சொல்லவில்லை. ஹீட்டரை முழுதாகத் திருப்பச் சொல்லி, இடது காலுறையைக் கழற்றச் சொல்லி, சூடான காற்று வருகிற இடத்தில் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இருபது நிமிடம் இருக்கும்.

"பத்தல" என்றார். "வண்டியத் திருப்பு."

அங்கிருந்து திரும்பிய மூன்றாம் நாள் மதியம் இறந்தார். உறவினர்கள் அடுக்குமாடி முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழுப்பி, இடது பக்கத் திரைக்குப் பின்னால் அவரைக் கிடத்தினார்கள். உடல் இருக்கிற கூடாரத்தில் நெருப்பு மூட்டுவதில்லை. பெண்கள் கறுப்பு உடுத்திப் போர்வைகளைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"அக்கா, ஒரு சின்ன அடுப்பு..." என்றாள் கென்ஜெகுல்.

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?" என்றாள் பாத்மா. சொல்லிவிட்டு அவளைத் தன் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

முப்பது மீட்டர் தள்ளி, மண்ணுக்கடியில், நகரத்தின் வெந்நீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவளே வரைந்த பாதை.

மறுநாள், அதாவது நாலாம் நாள் மதியம், அடக்கத்துக்குச் சற்று முன், அவள் தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி, மெதெர் பேசுறேன். வழி திறந்தாச்சு! மேல வெயிலும் நல்லா அடிக்குது. ஐயாவக் கூட்டிட்டு உடனே கிளம்புங்க, நாலு மணிக்குள்ள தாண்டிரலாம்."

அவள் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. இறங்கிய ஆண்கள் வாசலிலேயே உரக்க அழுதுகொண்டு வந்தார்கள். வருகிறவர்கள் அழுதால் உள்ளே பெண்கள் ஒப்பாரி எடுக்க வேண்டும். முதல் குரல் மகளுடையதாக இருக்க வேண்டும். பாத்மா அவள் முழங்கையைத் தொட்டாள். கென்ஜெகுல் போனை அணைக்காமல் மடியில் வைத்துவிட்டுக் குரலெடுத்தாள்.

ஓய்ந்த பிறகு எடுத்துக் காதில் வைத்தாள். இணைப்பு இன்னும் இருந்தது. அந்தப் பக்கம் காற்றின் இரைச்சல் மட்டும். ஒப்பாரி முழுதும் மெதெருக்குக் கேட்டிருந்தது. அவர் மெல்ல இணைப்பைத் துண்டித்தார்.